பொலித்தீன் கழற்றாத கதிரை

நடக்க முடியாதவர்களை இருத்தித் தள்ளுகிற அந்தச் சில்லுக் கதிரையை நான் முதன்முதலாகக் கண்டபோது அது பொலித்தீனுக்குள் இருந்தது. ஏதோ தூசு படாமல் இருக்கட்டும் என்று ஒரு தாளைத் தூக்கிப் போட்டதுபோல அல்ல. கைபிடி இரண்டுக்கும் தனி உறை, சில்லுகளுக்குத் தனி உறை, காலை நீட்டி வைக்கிற பலகைக்கு இன்னொரு உறை. எல்லாவற்றுக்கும் மேலால் ஒரு பெரிய உறை போட்டு, அடியில் மடித்து, செலோடேப் ஒட்டியிருந்தார்கள். குளிரூட்டி ஓடுகிற அறை. பொலித்தீன் போட்ட சோபாக்களுக்கு நடுவில் வெள்ளைத் துணியால் கபனிட்டுக் கிடத்திய மையித்தைப் போல அது இருந்தது. நான் கிட்டப் போனேன். "தொட்டுப் போடாத மனே, கை அடையாளம் விழும்" என்றார் மாமா. அந்த அறையின் மணம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது: துணிப்பெட்டிக்குள் போடுகிற பூச்சி முட்டை, புது ரெக்ஸின், அதற்கு மேலால் மாமா பூசும் அத்தர். பிறகு எத்தனையோ நாற்றத்துக்குள் வேலை செய்திருக்கிறேன். மலசலகூடத்துக் குழி திறந்த நேரம்கூட முகம் சுளிக்காமல் நின்றிருக்கிறேன். மூக்கைப் பொத்த வைப்பது இந்த மணம் மட்டும்தான்.

மாமா என்றால் உம்மாவின் ஒரே தம்பி. கல்முனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அவருக்கு 'எயார்போட் ஹாஜியார்' என்று பேர். தெரியாதவர்கள் கேட்டால் கட்டுநாயக்க விமான நிலையத்தையே இவர்தான் நடத்தினார் என்று நினைப்பார்கள். அவர் இருந்தது மாலைதீவின் தெற்குப் பக்கத்தில், வரைபடத்தில் ஈ எச்சம் போலத் தெரிகிற ஒரு தீவில். அங்கிருந்த சிறிய விமான நிலையத்தில் கட்டடப் பொறுப்பாளர். களஞ்சியம், துப்புரவு, பெயின்ட், தண்ணீர்த் தாங்கி எல்லாம் அவர் பொறுப்பு. மனேஜர் அந்த நாட்டுக்காரர்; மாதத்தில் பாதி தலைநகரில் கிடப்பார். ஆனபடியால் அந்த இடத்தில் சட்டம் என்று ஒன்று இருந்ததென்றால் அது மாமாவின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்துத்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் என்பதே என்னிலிருந்து தொடங்கியது. வாப்பா கரைவலை இழுக்கிறவர். கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவார். நான் உயர்தரப் பரீட்சை எழுதி, தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரம் படித்து, சான்றிதழை உறைக்குள் போட்டு வைத்துக்கொண்டு வேலையில்லாமல் இருந்தேன். மாமா அழைத்தார். ஊரே திரண்டு எனக்குப் புத்தி சொன்னது. "மாமா சொல்றத மறு பேச்சுப் பேசாமக் கேளு. கண்ண மூடிட்டு அவருக்குப் பின்னால போ, ஒன்னக் கரை சேர்ப்பார்." வாப்பா மட்டும், ஏற்றி அனுப்ப வந்த இடத்தில், "கண்ணத் தொறந்துக்கிட்டே இரி" என்றார்.

தீவின் தலையிலிருந்து வால்வரைக்கும் ஓடுபாதைதான். இரண்டு முனையிலும் கடல். அது போக மிச்சமிருந்த நிலத்தில் ஒரு பள்ளிவாசல், ஒரு பாடசாலை, ஒரே ஒரு டொக்டர் இருந்த சுகாதார நிலையம், பிறகு வீடுகள். எங்கள் ஊர்ப் பக்கத்துக் காரைதீவுச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற சனத்தைப் போலத்தான் அந்தச் சனமும். வாரத்தில் சில நாள் வருகிற சிறிய விமானத்துக்கு ஊரே வந்து நிற்கும். போகிறவர்கள் கொஞ்சம், வழியனுப்புகிறவர்கள் நிறைய, சும்மா பார்க்க வருகிறவர்கள் அதைவிட நிறைய. கருவாட்டுப் பெட்டியோடு கிழவர்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சிகள், தலைநகரில் படிக்கிற பிள்ளைக்குச் சாப்பாடு கட்டி வந்த உம்மாமார். மேலே தகரம், நாலு பக்கமும் உப்புக் காற்று. வெயிலில் வெளிறிப் போன பிளாஸ்டிக் கதிரைகளில் அவர்கள் இருப்பார்கள். பத்தடி அங்கால் குளிரூட்டி போட்ட அறை பூட்டிக் கிடக்கும். கண்ணாடிக் கதவில் 'விசேட விருந்தினர்' என்று எழுதியிருந்தது. நான் இருந்த காலத்தில் அந்த அறைக்குள் நான் கண்ட ஒரே விசேட விருந்தினர் மாமாதான். பின்னேரம் உள்ளே போய், பொலித்தீன் கழற்றாத சோபாவில் குந்தி, கால் நகம் வெட்டுவார். வெட்டிய நகத்தை ஒரு துண்டுக் கடதாசியில் கவனமாக எடுத்து வந்து வெளியே, சனம் இருக்கிற பக்கம் எறிவார். அறை சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா.

அவரிடம் ஒரு பேச்சு இருந்தது. "பொருள் புதுசா இரிந்தாத்தான்டா பொறுப்பாளருக்கு மரியாத. பாவிச்ச பொருளக் காட்டி ஆரு சபாஷ் வாங்கின?" விமான நிலையங்களைப் பரிசோதிக்கத் தலைநகரிலிருந்து ஆட்கள் வருவார்கள். வந்தால் முதலில் பார்ப்பது தீயணைப்பு வாகனம், அடுத்து முதலுதவிப் பெட்டி, அடுத்து இந்தச் சில்லுக் கதிரை. இவை இருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார்கள். யாராவது எப்போதாவது பாவித்தார்களா என்று கேட்கமாட்டார்கள். மாமா இதைக் கண்டுபிடித்திருந்தார். அவருடைய அறிவெல்லாம் அந்த ஒரு கண்டுபிடிப்புத்தான். முதலுதவிப் பெட்டியும் ஒட்டுக் கழற்றாமலே இருந்தது. எனக்குக் கை வெட்டுப்பட்ட அன்று சமையல்காரரிடம் மஞ்சள் வாங்கி வைத்துக் கட்டினேன். நடக்க முடியாத கிழவிகளை மகன்மார் முதுகில் சுமந்துகொண்டு விமானத்துக்குப் போவார்கள். மாமா கண்ணாடிக்குப் பின்னால் நின்று, "அல்லாஹ், என்ன பாசமான புள்ளைகள் பாரு" என்பார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பெயின்ட் வேலைக்கு ஒரு வங்காளதேசத்து ஆள் இருந்தார். எல்லோரும் அவரை 'பாய்' என்றே கூப்பிட்டோம். அங்கே எல்லா வங்காளதேசத்து ஆட்களுக்கும் அதுதான் பேர். சகோதரன் என்று அர்த்தமாம். மெலிந்த உடம்பு. ஏணியில் நின்றபடியே பாடுவார். இறங்கினால் பாட்டு நின்றுவிடும். என்னோடு அரைகுறை ஹிந்தியில் கதைப்பார். எனக்கும் ஹிந்தி அரைகுறைதான், ஆகவே எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கும். மகள் பேச ஆரம்பித்துவிட்டாள் என்று போனில் அந்தக் குரலை எனக்குப் போட்டுக் காட்டுவார். அந்தப் பிள்ளை சொல்வது 'அப்பா' என்கிற மாதிரியே இருக்கும். "உங்கட பாஷையிலயும் இதுதானா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

பரிசோதனைக்காரர்கள் வியாழக்கிழமை வருவதாகத் தகவல் வந்த கிழமை மாமா தூங்கவேயில்லை. தகரக் கூரையின் விளிம்பெல்லாம் புதிதாய் வெள்ளை அடிக்க வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. ஏணியின் கால் சறுக்கும் என்று பாய் கையால் காட்டினார். "வியாழன் ஒனக்காக வெள்ளிக்கிப் போகுமா?" என்று மாமா ஏற்றிவிட்டார். ஏணி சறுக்கியது. பாய் விழுந்த இடம் சிமெந்துக் கட்டின் விளிம்பு. வலது கணுக்கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. அவர் கத்தவில்லை. காலைப் பார்த்துவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்; வேறு யாருடையதோ கால் என்பதுபோல.

டொக்டர் ஓடி வந்து கட்டுப் போட்டார். இங்கே ஒன்றும் செய்ய ஏலாது, புண் அழுக்குப் பிடிக்குமுன் தலைநகர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் கால் மிஞ்சாது என்றார். நல்ல காலம், அன்று பின்னேரம் விமானம் இருந்தது. படுக்கையோடு ஏற்றுவதென்றால் முதலே சொல்லிச் சீற்றுகளைக் கழற்ற வேண்டும்; அதற்கு நேரமில்லை. வந்து இறங்கிய விமானி நல்ல மனிதர். ஆள் நினைவோடு இருந்து, காலை நீட்டியபடி இருக்க வைத்து விமானத்தின் ஏணிப்படி வரைக்கும் கொண்டுவந்தால், பின்வரிசைச் சீற்றுகளை விட்டுத் தருகிறேன் என்றார். கேட்டதும் எனக்குச் சந்தோஷம். காலை நீட்டி வைக்கிற பலகையுள்ள கதிரை பூட்டின அறைக்குள் இருக்கிறதே.

மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, சாவியத் தாங்க. வீல் செயார எடுக்கணும்."

"என்னத்துக்கு?"

"பாயக் கொண்டுபோக."

அவர் உடனே மறுக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. நெற்றியைச் சுருக்கி, பெரியதொரு நியாயத்தை நிறுப்பவர்போல.

"நாளைக்கி மறுநாள் ஆக்கள் வாறாங்க மனே. ரெத்தம் பட்டா ரெக்ஸின விட்டுப் போகாது."

"நான் கழுவித் தாறன்."

"நீ கழுவுவா. பொலித்தீன ஆரு ஒட்டுற? கழட்டினா கழட்டினதுதான், அந்தப் புதுசு வராது."

"காலு போயிடும் எண்டு டொக்டர் சொல்றாரு மாமா."

"டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவாங்க. நாலு பேரு புடிச்சாப் போதும், பிளாஸ்டிக் கதிரையில ராசா மாதிரிப் போவான். டிப்ளோமா முடிச்ச நீ ஒரு கதிரயத் தூக்க மாட்டியா?"

விமானம் அதிக நேரம் நிற்காது. கதவு கண்ணாடி, உடைத்தால் உடையும். ஆனால் அதற்குள் மற்றவர்கள் பாயைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்திவிட்டார்கள். தீயணைப்புக்காரர் இரண்டு பேர், ஒரு மீன்காரர், நான். காலை நான் கையில் ஏந்திக்கொண்டு நடந்தேன். மழை விட்டு வெயில் ஏறித் தார் கொதித்தது. பாதி தூரத்தில் அவர்கள் கை மாற்ற ஒரு தரம் கதிரையைக் கீழே வைத்தார்கள். எத்தனையோ கோடை வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக். பின்கால் ஒன்று பிஸ்கட் போல நொறுங்கியது. பாய் சரிந்தார். அடிபட்ட கால் என் கையிலிருந்து நழுவி, எலும்பு முனையோடு தாரில் ஊன்றியது. அப்போதுதான் அவர் கத்தினார். பிறகு மயங்கிப் போனார்.

விமானி இறங்கி வந்து பார்த்தார். நினைவில்லாத, இரத்தம் ஓடுகிற ஆளை டொக்டர் துணையில்லாமல் ஏற்ற அவருக்கு அதிகாரமில்லை. தீவுக்கோ ஒரே டொக்டர்; அவர் விட்டுவிட்டு வர ஏலாது. விமானம் கிளம்பியது. தகரத்தின் கீழே அந்த ஊர்ச் சனம் எழுந்து நின்றுகொண்டிருந்தது.

மாமா அப்போதுதான் வந்தார். எல்லோரும் பாயைச் சுற்றிக் குந்தியிருந்தோம். அவர் நேரே கதிரையிடம் போனார். முறிந்த காலை எடுத்துப் பார்த்தார்.

"ஒடச்சிப் போட்டானுகளே. ஆருடா இந்தக் கதிரயக் கொண்டுவந்த?"

மகளை வழியனுப்ப வந்திருந்த ஒரு வயதான பெண் அவரைப் பார்த்துவிட்டு, திரும்பி, தாரில் துப்பினாள். அந்தத் தீவு முழுவதிலும் அன்று நடந்த நேர்மையான காரியம் அது ஒன்றுதான்.

கடல் கொந்தளிப்பு. அடுத்த நாள் வள்ளம் போகவில்லை. வியாழக்கிழமை காலைதான் ஏற்றினோம். வள்ளம் புறப்பட்ட அதே காலை விமானத்தில் பரிசோதனைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். விசேட விருந்தினர் அறை திறந்தது. மாமா தன் கையாலேயே பொலித்தீனைக் கழற்றினார். ஒவ்வோர் உறையாக, செலோடேப்பை நகத்தால் நெம்பி, ஒரு கிழிசல் இல்லாமல். கதிரை பளபளத்தது. வந்தவர் ஒருவர் அதைத் தள்ளிப் பார்த்து, சத்தமே இல்லையே என்று பாராட்டினார். மாமா அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அவர்கள் போனதும் உறைகளை மறுபடி போட்டார். போடும்போது என்னைக் கூப்பிட்டு, "இஞ்ச பாரு, கழட்டினதே தெரியாது" என்றார். கூரை விளிம்பில் பாய் விட்ட இடத்திலிருந்து மிச்ச வெள்ளையை வேறொரு பாய் அடித்து முடித்திருந்தார்.

விழுந்த பாயின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று பிறகு அறிந்தோம். அவரை நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமா அதைக் கேட்டு, துக்கச் செய்திக்குச் சொல்கிற "இன்னா லில்லாஹ்" சொன்னார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இறைச்சி. மாமா எலும்பை உறிஞ்சிச் சாப்பிடுவார். நான் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன். "படிச்ச புள்ளையளுக்கு வயிறு சின்னம்" என்று என் சோற்றுக் கோப்பையையும் இழுத்துக்கொண்டார். ஒப்பந்தம் முடிந்ததும் நான் புதிதுக்குக் கையெழுத்துப் போடாமல் ஊருக்கு வந்துவிட்டேன். வாப்பாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். வலையைத் தைத்துக்கொண்டே கேட்டார். "அந்தப் பொடியன் இப்ப என்ன வேல செய்யிறான்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது, அவருடைய போன் இலக்கம் வேலை செய்வதில்லை.

பிறகு மாமாவும் ஒரேயடியாக வந்தார். அங்கே கட்டடம் பெருப்பித்துப் புதுச் சாமான்கள் கொடுத்தபோது, பழுது என்று எழுதித் தள்ளிய பழைய சில்லுக் கதிரையை அவர் தன் பெட்டிகளோடு ஏற்றிவிட்டார். ஒருவரும் ஒருநாளும் இருந்திராத கதிரை எப்படிப் பழுதாகும் என்று கேட்க அங்கே யார் இருந்தார்கள்? வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு அதை எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்கு அன்பளிப்புச் செய்தார். மைக்கில் சொன்னார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கதிரையின் முதுகில் அவருடைய வாப்பாவின், அதாவது என் மூத்தவாப்பாவின் பேரை எழுதி, 'ஸதக்கத்துல் ஜாரியா' என்று கீழே போட்டிருந்தது: பாவிக்கப்படும் காலமெல்லாம் நன்மை போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கிற தர்மம். முகநூலில் படம் வந்தது. அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக என்று ஊரே எழுதியது. உம்மாவும் அழுதா, பெருமையில். நான் எழும்பிப் போய்க் கிணற்றடியில் வாய் கொப்பளித்தேன்.

எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சம் தாய்வழியால் வருகிறது. பள்ளி நிர்வாகத்தில் குடிக்கு ஒரு பிரதிநிதி; அவருக்கு மரைக்கார் என்று பேர். மாமாவை எங்கள் குடியின் மரைக்கார் ஆக்கினார்கள். இதை வாசிப்பவர்களுக்கு அதன் அர்த்தம் விளங்கவேண்டும்: வாப்பா வேறு குடி. நானும் மாமாவும் ஒரு குடி. எனக்காகப் பள்ளியில் கதைக்கிறவர் அவர். நாளை எனக்குக் கலியாணம் பேசினாலும் சபையில் முன்னுக்கு இருப்பவர் அவர்தான். உடம்பில் ஒட்டிய அத்தரைப் போல இது கழுவினாலும் போவதில்லை.

இந்த வருடம் வாப்பாவுக்குச் சீனி வருத்தத்தால் காலில் புண். வலது கால். ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். கால் நிலத்தில் படக்கூடாது, நீட்டியே வைக்கவேண்டும், ஊன்றினால் பாதத்தையும் எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொன்னார். அதே சொல்லை நான் வேறொரு டொக்டரிடம் கேட்டிருக்கிறேன். வாப்பா வீட்டில் கிடந்து கரைந்துகொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, "ஜும்ஆவுக்கு என்னக் கொண்டுபோ, தம்பி. மிச்சத்த அல்லாஹ் பாத்துக்குவான்" என்றார். ஓட்டோவில் ஏற்றிப் பள்ளி வாசல் வரைக்கும் கொண்டுவந்தேன். அங்கிருந்து உள்ளே தூரம். ஓட்டோக்காரனிடம் வாப்பாவின் காலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கிற மோதினாரிடம் போய்ச் சில்லுக் கதிரையைக் கேட்டேன்.

மோதினார் தலையைச் சொறிந்தார். "கந்தோர் ரூமுக்குள்ள இரிக்கு தம்பி. ஆனா மரைக்கார் சொல்லாம எடுக்கேலா. ஊத்தையாகும் எண்டு பூட்டி வெச்சிரிக்கார்."

"இதுவரைக்கும் ஆராவது எடுத்தாங்களா?"

"எங்கடாப்பா. பெரிய ஆக்கள் வந்தா அவர் தொறந்து காட்டுவார். நடக்கேலாத ஆக்களுக்கு அந்தா, பிளாஸ்டிக் கதிர இரிக்கு."

அவர் கையைக் காட்டிய பக்கம் பார்த்தேன். தூணோரம், வெயில் படுகிற இடத்தில், வெளிறிப்போன பிளாஸ்டிக் கதிரைகள் ஒன்றுக்குமேல் ஒன்றாக. என் முகத்தில் மோதினார் என்ன கண்டாரோ, மைக் எடுக்க வேண்டும் என்று கந்தோரைத் திறந்து, சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு அங்கால் போய்விட்டார்.

அதே மணம். அதே உறைகள், அதே மடிப்பு. இத்தனை கடல் தாண்டி வந்தும் ஒரு கிழிசல் இல்லை. முதுகில் மட்டும் பேர் தெரிய வேண்டுமென்று சதுரமாக வெட்டி விட்டிருந்தது. நான் செலோடேப்பைத் தேடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தேன். சில்லுக்குள் சிக்கியதை இழுக்க நேரமில்லை. அப்படியே தள்ளிக்கொண்டு வந்து வாப்பாவை இருத்தினேன். காலை நீட்டிப் பலகையில் வைத்தேன். ரெக்ஸின் புதிதென்பதால் கிறீச்சென்றது. அதில் முதலில் இருந்த மனிதன் என் வாப்பா. இருந்திருக்க வேண்டியவர் எந்த ஊரில் எந்தத் தடியை ஊன்றிக்கொண்டு நடக்கிறாரோ.

வாப்பா கைபிடியைத் தடவிப் பார்த்தார். "இதுதானா அது?" என்றார்.

"ஓம் வாப்பா."

அதற்குள் மாமா தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்துவிட்டு, கை நனைந்தபடி வந்துவிட்டார். வாப்பாவுக்கு ஸலாம் சொல்லவில்லை. காலைப் பார்க்கவில்லை. கந்தோர் வாசலில் இருந்து நாங்கள் நின்ற இடம் வரைக்கும் சிதறிக்கிடந்த பொலித்தீனைப் பார்த்தார்.

"கிழிச்சிட்டியேடா மனே. கத்திரியால வெட்டியிருந்தாலும் திரும்ப ஒட்டியிருக்கலாமே."

உண்மையாகவே அவருக்கு நொந்திருந்தது. வாப்பாதான் கதைத்தார். வலைக்காரரின் குரல், மெதுவாகச் சொன்னாலும் கரை முழுக்கக் கேட்கும்.

"பொலித்தீன் கல்முன மார்க்கெட்டுல கிடைக்கும் மச்சான். கால் எந்தக் கடையில விக்கிது?"

வுழூச் செய்யும் தொட்டியடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தள்ளிக்கொண்டு போனேன். பரிசோதனைக்காரர் பாராட்டிய, சத்தமே போடாத சில்லுகள் அன்று சத்தம் போட்டன. சிக்கிய பொலித்தீன் ஒவ்வொரு சுற்றுக்கும் சரசரவென்று பள்ளி முழுக்கக் கேட்டது. வாப்பாவை ஓரத்துச் சஃப்பு வரிசையில் கொண்டுபோய் நிறுத்தி, சில்லைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பாங்கு ஒலிக்கத் தொடங்கியிருந்தது. சனம் உள்ளே வந்துகொண்டிருந்தது. எங்கள் குடியின் மரைக்கார் வாசலில் குனிந்து, கிழிந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நீவி, மடித்துக்கொண்டிருந்தார்.